அத்திப்பள்ளியில் மாட்டிய பெயர்

"நம்ம சங்கத்துப் பேரு இன்னொருத்தன் கையில இருக்குதுங்க!" என்று மேஜையைத் தட்டினார் அண்ணாதுரை. ஓசூர் லேத் பட்டறை முதலாளிகள் சங்கத்தின் தலைவர் அவர்.

வருடம் 1998. ஆர்டர் கொடுக்க நினைத்த ஒரு ஜெர்மன் கம்பெனி, இன்டர்நெட்டில் உங்கள் விலாசம் என்ன என்று கேட்டிருந்தது. விலாசம் வாங்கப் போனால், சங்கத்தின் பெயரை ஏற்கெனவே ஒருவர் பதிவு செய்திருந்தார். எல்லை தாண்டினால் வரும் கர்நாடகத்து அத்திப்பள்ளியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் திம்மராயன்.

"செக்போஸ்டுக்கு அந்தப்பக்கமா? அப்ப ஏதோ திட்டம் இருக்குது" என்றார் பொருளாளர் கந்தன். "இந்தப் பேரையெல்லாம் யாருங்க குடுக்கறது?"

"அமெரிக்காவுல ஒரு ஆபீசு" என்றார் செயலாளர் கிருஷ்ணப்பன். "முதல்ல கேட்டவனுக்குக் குடுத்துருவாங்களாம்."

"பஸ்ஸுல துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரியா? அந்த ஆபீசுக்கு யாரு அதிகாரம் குடுத்தது?"

"அதைத்தான் உலகமே இப்ப கேட்டுக்கிட்டு இருக்குது."

உலகத்தோடு சேர்ந்து சங்கமும் கேட்டது. 'பொதுப்பெயர் தனியொருவர் கையில் இருப்பது ஜனநாயக விரோதம்' என்று அமெரிக்காவைக் கண்டித்து ஏகமனதாகத் தீர்மானம் போட்டுவிட்டு, மூவரும் ஒரே காரில் அத்திப்பள்ளிக்குக் கிளம்பினார்கள்.

"எவ்வளவு பணம் கேப்பானோ?" என்றார் கந்தன்.

"வாயைத் திறக்கட்டும். பாத்துக்கலாம்" என்றார் அண்ணாதுரை.

திம்மராயன் நாற்காலிகளை இழுத்துப் போட்டார். "கூத்கொள்ளி சார், உக்காருங்க. உங்க பேர்தானே? எடுத்துக்குங்க. பெங்களூர்ல சில பேரு அடுத்தவங்க கம்பெனிப் பேரைப் பிடிச்சு வெச்சு வியாபாரம் பண்றாங்க. உங்க பட்டறைக் கம்ப்யூட்டரெல்லாம் ரிப்பேர் பாக்கறவன் நான். அதான் முந்திக்கிட்டேன்."

சண்டைக்கு வந்த மூவருக்கும் சப்பென்று ஆகிவிட்டது.

"யாராவது ஒருத்தர் பொறுப்பு ஏத்துக்கணும் சார். யார் பேருக்கு மாத்தட்டும்?"

"தலைவர் நான்தானுங்களே" என்றார் அண்ணாதுரை.

"உங்க பதவி பங்குனியோட முடியுது. செயலாளர்னா நிரந்தரம்" என்றார் கிருஷ்ணப்பன்.

"ஆமாமா. சங்கத்து டெலிபோன் நிரந்தரமா உங்க வீட்டுல இருக்கற மாதிரி" என்றார் கந்தன்.

"சரி, உங்ககிட்டயே குடுப்போம். ஆயுதபூஜைக்கு வாங்கின ஸ்பீக்கர் எங்கேன்னு மட்டும் முதல்ல சொல்லுங்க" என்று கந்தன் பக்கம் திரும்பினார் கிருஷ்ணப்பன்.

பெயரை யார் பேருக்கும் மாற்றாமலே மூவரும் காரில் ஏறினார்கள்.

மறுநாள் சாயங்காலம் அண்ணாதுரை தனியாக வந்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடைக்குள் நுழைந்தார்.

"பேரு கிருஷ்ணப்பன் கைக்குப் போயிறக் கூடாதுங்க. கந்தன் கைக்கும்தான்."

"அப்ப உங்க பேருக்கே மாத்திடட்டுமா சார்?"

"அவங்க விடமாட்டாங்க. நீங்களே வெச்சுக்குங்க. தர மறுத்துட்டீங்கன்னு சங்கத்துல நான் சொல்லிக்கறேன்."

"ஜெர்மன் ஆர்டர் கோயமுத்தூர் பட்டறைக்காரங்களுக்குப் போயிருமே?"

"போனாப் போகுது."

"என்னைத் திருடன்னு பேசுவாங்களே சார்?"

"நீங்க இந்தப்பக்கம் இருக்கீங்க. அந்தப்பக்கம் பேசறது உங்களுக்குக் கேக்கவா போகுது?"

திம்மராயன் சிரித்தார்.

"ஆகட்டும் சார். காலையில கிருஷ்ணப்பன் சார் வந்து இதையேதான் கேட்டாரு. மத்தியானம் கந்தன் சார். உங்க சங்கத்துல இப்படி ஒரு ஒத்துமையை நான் பாத்ததே இல்லை."