பாதித் தேத்தண்ணி

"பாத்தியே தம்பி? இண்டைக்கும் எழும்பிப் போயிட்டார் கொப்பர்!"

தேத்தண்ணிக் கடை சோமசேகரம், அப்பா பாதியில் விட்ட கிளாசைத் தூக்கிக் காட்டினார். றேடியோவில் பிரவீணனுடைய பாட்டுத்தான் போய்க்கொண்டிருந்தது.

அவனும் சிநேகிதப் பெடியளும் கிற்றாரும் உடுக்குமாகச் சேர்ந்து போட்ட முதல் அல்பம். இந்தக் கிழமை றேடியோவில் அதுதான் முதலாமிடம். வல்வெட்டித்துறை முழுக்க அதே கதை. அப்பா சீவரத்தினம் மட்டும் வாய் திறக்கவில்லை. அவரிட்டை ஒரு சொல் கேட்கத்தான் அவன் கொழும்பிலிருந்து பஸ் ஏறி வந்தவன்.

"பாட்டு அவருக்குப் பிடிக்கேல்லையோ மாமா?"

"முதல்லை நல்லாத் தலையாட்டிக்கொண்டுதான் இருப்பார். நடுவிலை கொண்ணன்ரை குரல் வருமெல்லே? அதோடை செருப்பும் போடாமல் கடற்கரைப் பக்கம் போயிடுவார். சனம் என்ன சொல்லுது தெரியுமே? கடல் கொண்டுபோன பிள்ளையின்ரை குரலை உவன் ஊரெல்லாம் வித்துப்போட்டான், பெத்தவருக்குப் பொறுக்குமோ எண்டு."



அண்ணை கோபிசங்கர் ஒருநாள் கடல்தொழிலுக்குப் போய்த் திரும்பி வரும்போது கரையைப் பார்த்து, வள்ளம் இழுக்க ஆள் கேட்டுப் போட்ட கூப்பாடு அது. "ஓடி வாங்கோ! வள்ளத்தைப் பிடியுங்கோ!" பிரவீணன் சும்மா பகிடிக்குப் போனில் பிடித்து வைத்தது. அந்தக் குரல் இல்லாமல் அவனுக்குப் பாட்டே வரவில்லை. அப்பாவிடம் கேளாமல் போட்டதுதான் பிழை.

"அதை வெட்டி எடுத்துப்போடுறன் மாமா."

சொல்லிக்கொண்டே கடற்கரைக்கு ஓடினான்.

அப்பா வெறுங்காலோடு அலைக்குள் நின்றார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வள்ளமும் இல்லை.

"அப்பா, கோவமே? அண்ணையின்ரை குரலை எடுத்துவிடுறன்."

சீவரத்தினம் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"ஐயோ, எடுத்துப்போடாதை மோனை!"

"அப்ப ஏன் எழும்பி எழும்பி வாறியள்?"

"பாட்டெண்டு தெரியும். அவன் வரமாட்டான் எண்டும் தெரியும்." அவர் திரும்பவும் கடலைப் பார்த்தார். "ஆனால் வள்ளம் இழுக்கக் கூப்பிடுறானே. கேட்டுக்கொண்டு எப்பிடியடா இருந்து தேத்தண்ணி குடிக்கிறது?"