டிரைவர் சீட்டு

செங்கோடன் ஆள் குட்டை. லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் பிடித்துச் சேர்த்த காசில், பின்னால் இறக்கை மாதிரி ஸ்பாய்லர் வைத்த பழைய சிவப்புக் கார் ஒன்றை வாங்கினான். காரை விற்றவர்கள் வீட்டில் சாவியைக் கையில் கொடுத்ததுமே கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஞாயிறானால் தன் வீட்டு வாசலில் காருக்கு அடியிலேயே கிடந்தான். கிளட்ச் மாற்றினான், துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தான். இன்ஜின் இளவட்டம் மாதிரி சீறியது. ஒன்று மட்டும் அவனுக்கு அடங்கவில்லை. பூட்டிய காருக்குள், விடிந்தால் டிரைவர் சீட்டு பின்னால் தள்ளிப் போயிருக்கும், நெட்டையான ஆள் ஒருத்தன் காலை நீட்டி ஓட்டுகிற அளவுக்கு.

“அத நிறுத்தாம நான் இதுல ஏறமாட்டனுங்க,” என்றாள் அவன் பெண்டாட்டி கோகிலா. நிறைமாசம்.

“அப்பப் பிரசவத்துக்கு டவுன் பஸ்சுலயா போவ?”

சீட்டைத் தன் காலுக்கு எட்டும்படி முன்னே இழுத்து, அடிச்சட்டத்தோடு சேர்த்து வெல்டு வைத்தான். “இனி எவன் அசைக்கிறான்னு பாக்கறேன்.”

மறுநாள் காலை சீட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. ஆனால் ஸ்டீயரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டு இரண்டு பக்கமும் குழிந்து விரிசல் விட்டிருந்தது. கோகிலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“கால் முட்டிங்க. மடக்கிட்டு உக்காந்திருக்குது, பாவம். வெல்ட வெட்டி விடுங்க.”

“உனக்கென்ன கிறுக்கா புள்ள?”

“வலி வந்திருச்சுங்க. வெட்டுங்க.”

கிரைண்டர் வெல்டை அறுத்ததும், யாரும் தொடாமலே சீட்டு கடகடவென்று பின்னால் போய் நின்றது. கோகிலா பின்சீட்டில் ஏறிச் சாய்ந்துகொண்டாள். ஸ்டீயரிங் பக்கம் வந்த புருஷனிடம் மூச்சு வாங்கியபடியே சொன்னாள்.

“நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க.”