நாலு போல்ட், அஞ்சு போல்ட்

"ஒரு பக்கச் சக்கரத்துக்கு நாலு போல்ட்டு, இன்னொரு பக்கத்துக்கு அஞ்சு போல்ட்டுக்கா. இதுல எந்தப் பக்கத்துக்குன்னு நான் ஸ்டெப்னி வாங்குறது?"

டயர் கடைக்காரியின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது. குனிந்து எடுக்கிற சாக்கில் முகத்தைச் சரிசெய்துகொண்டாள்.

கேட்டவர் செடி விற்கும் நர்சரிக்காரர். முழங்கை வரை மண். கடை வாசலில் அவருடைய ஜீப் நின்றது. அதன் பின்னால் ஒரு சின்ன ட்ரெய்லர், அது நிறையச் செடித் தொட்டிகள்.

"எங்க, பாப்போம்" என்று வெளியே வந்து சக்கரத்தருகே குந்தினாள். ட்ரெய்லருக்குப் புதிதாகப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தது. ஓரத்தில் நகத்தால் சுரண்டினாள். உள்ளே சிவப்பு.

சந்தேகமே இல்லை. அவளும் கணவருமாகப் பழைய இரும்புக் கடையில் சாமான் பொறுக்கிச் செய்த வண்டி. ஒரு பக்கம் சக்கரத்தை மாட்டுகிற ஹப் உடைந்துபோய், ஆத்திர அவசரத்துக்குக் கிடைத்ததை மாட்டியதில் வந்த கூத்துதான் அந்த நாலும் அஞ்சும். கம்ப்ரசரையும் ஜாக்கியையும் அதில் ஏற்றிக்கொண்டு, நடுவழியில் பஞ்சராகி நிற்கிற லாரிகளுக்குப் போவார்கள். கடையின் பாதிப் பிழைப்பு அந்த வண்டியால்தான் ஓடியது. போன மாதம் ஒருநாள் விடிந்து பார்த்தால் வண்டியைக் காணோம். ஸ்டேஷனுக்கு நடந்து நடந்து கணவரின் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். அன்றிலிருந்து மனிதர் சரியாகச் சாப்பிடுவதில்லை, முகம் கொடுத்துப் பேசுவதும் இல்லை.

திருடியதுமில்லாமல், திருட்டு வண்டிக்கு ஸ்டெப்னி கேட்டு என் கடைக்கே வந்து நிற்கிறான், என்ன நெஞ்சழுத்தம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆள் வேறு வாட்டசாட்டமாக இருந்தான். தனியாக மடக்க முடியாது. கணவர் வரும்வரை பேச்சுக் கொடுத்து நிறுத்திவைக்க வேண்டும்.

போனை எடுத்தாள். "ஏங்க, ஸ்டோர் சாவி உங்ககிட்டதான இருக்கு? உடனே கடைக்கு வாங்க. கஸ்டமர் காத்திருக்காரு."

அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. அவன் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

"உங்களுக்குத் தோதான ரிம் ஸ்டோர்ல இருக்கு சார். ஒன்பது ஓட்டை போட்டது. நாலுக்கும் சேரும், அஞ்சுக்கும் சேரும்."

"அட, அப்படியெல்லாம்கூட இருக்கா?"

இல்லாமல் என்ன. அந்த வண்டியின் ஸ்டெப்னிக்கென்றே அவள் கையால் ஓட்டை போட்ட ரிம். பஞ்சர் பார்க்கக் கழற்றி வைத்திருந்ததால் களவு போகாமல் தப்பியது.

"ரிம் மட்டும் இருந்தா பத்தாது சார். டயரைப் பாத்துப் போடணும். என்ன பாரம் ஏத்துவீங்க?"

"மண்ணு, உரம், தொட்டி. இப்ப ஓடுற டயர் மாதிரியே ஒண்ணு குடுங்கக்கா, போதும்."

"அவசரப்பட்டா எப்படி?" உள்ளே போய் ஒரு கார் டயரை உருட்டி வந்தாள். "இது சொகுசா ஓடும். ஆனா மண்ணு மூட்டை ஏத்தினா பக்கவாட்டுல நசுங்கும்." இன்னொன்றை எடுத்துப் போட்டாள். "இது அளவு கம்மி. மாட்டினா வண்டி ஒரு பக்கமா சாய்ஞ்சுக்கிட்டே போகும்." மூன்றாவதையும் உருட்டினாள். "இது பாக்கத்தான் புதுசு. வெயில்ல கிடந்து காஞ்சது. அழுத்திப் பாருங்க, வெடிப்பு தெரியும்."

"அப்புறம் எதுக்குக்கா அதையெல்லாம் காட்டுறீங்க?"

நியாயமான கேள்விதான்.

"நாளைக்கு வேற யாராவது உங்க தலையில கட்டிடக் கூடாதில்ல, அதுக்குத்தான்." சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள். "ஆமா, வண்டி எங்க வாங்குனது?"

"கைமாத்தி வாங்குனதுக்கா."

"யார்கிட்ட?"

"பேரெல்லாம் கேட்டுக்கல. வழியில பாத்தேன், பிடிச்சிருந்துச்சு, அங்கேயே பேசி முடிச்சாச்சு."

எல்லாத் திருடனும் சொல்கிற கதை.

அவன் தொட்டிகளைப் பார்த்தான். "செடியெல்லாம் வாடுதுக்கா. நான் சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்" என்று ஜீப்பை நோக்கி நடந்தான்.

இப்போது விட்டால் பிறகு பிடிக்க முடியாது. அவள் ஓடிப்போய் ட்ரெய்லரின் சக்கரத்தருகே உட்கார்ந்து, வால்வைத் திருகிக் கழற்றினாள். புஸ்ஸென்று காற்று முழுக்க இறங்கி, வண்டி ஒரு பக்கமாகப் படுத்தது.

"என்னக்கா பண்றீங்க?" குரல் உயர்ந்தது. முகம் சிவக்கத் திரும்பி வந்து அவளெதிரே நின்றான். "நல்லா ஓடுற வண்டியை எதுக்கு இப்படிப் பண்ணுனீங்க?"

வால்வை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் கணவரின் பைக் வந்து நின்றது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஏங்க, அப்படியே வழியை மறிச்சு நில்லுங்க. நம்ம ட்ரெய்லரைத் திருடுனவன் இவன்தான். விட்றாதீங்க."

கணவர் பைக்கை விட்டு இறங்கவே இல்லை. நர்சரிக்காரர்தான் அவரை உற்றுப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகத்திலிருந்த கோபமெல்லாம் இறங்கிப்போனது.

"நல்லவேளை, வந்தீங்கண்ணே" என்றார் நிம்மதியாக. "சம்சாரம் தவறிட்டாங்க, இனிமே இந்த வண்டி எனக்கு எதுக்குன்னு சொல்லி நீங்கதான என்கிட்ட வித்தீங்க, அதை இந்த அக்காகிட்டக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."