வண்டி இல்லை

மைசூரு அலுவலகத்துக்குள் நுழைந்ததும் மேலாளர் ரத்தினவேல் நேராக சுசித்ராவின் மேஜைக்கு வந்தார்.

“ஆம்புலன்ஸ் பதிவு பண்ற சர்வர் புரோகிராமை யார் மாத்தினது?”

“நான்தான் சார். வண்டியே இல்லாதப்பவும் அது 200-ன்னு, அதாவது எல்லாம் சரின்னு பதில் அனுப்பிட்டு இருந்துச்சு. போன்ல ‘பதிவாகிவிட்டது’ன்னு காட்டும். ஜனங்க காத்துக்கிட்டே இருப்பாங்க. போன வாரம் அதை 503-ன்னு மாத்திட்டேன். இப்போ ‘வண்டி இல்லை, உடனே வேறு வண்டி பாருங்கள்’னு வரும்.”

“நான் வேண்டாம்னு சொன்னேனே?”

“சொன்னீங்க சார். இல்லைன்னு காட்டினா கஸ்டமர் போயிடுவாங்கன்னீங்க. எனக்குத்தான் மனசு ஒப்பலை.”

வேலை போய்விட்டது என்றே சுசித்ரா நினைத்தாள்.

அவர் ஒரு பழைய போனை நீட்டினார். திரையில் அதே ‘வண்டி இல்லை’ செய்தி இருந்தது.

“புகாரா சார்? யாரோட போன் இது?”

“எங்கம்மாவோடது. நேத்து சாயங்காலம் எங்க ஊர் ஹனூர்ல அப்பாவுக்கு நெஞ்சு வலி. இதைப் பார்த்ததுமே அம்மா பக்கத்து வீட்டுக் காரைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க. பத்து நிமிஷம் தாமதிச்சிருந்தா ஆள் இல்லைன்னு டாக்டர் சொன்னார்.”

“இப்போ எப்படி இருக்கார் சார்?”

“காலையில எழுந்து காபி கேட்டார்” என்றார் ரத்தினவேல். “என் பேச்சைக் கேக்காம இருந்தியே, ரொம்ப நன்றிம்மா.”