கைராசி டாக்டர்

பல் டாக்டருக்குக் கைராசி என்று ஊரே சொன்னது சும்மா இல்லை. வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாளான நர்ஸ் அசந்துபோய் நின்றாள்.

"இந்த முன்பல் நான் அஞ்சு வருஷம் முன்னாடி ஒட்டினது. இம்மிகூட ஆடல பாத்தியா? பக்கத்துப் பல்லுதான் உடைஞ்சிருக்கு."

நாற்காலியில் இருந்தவளின் உதடு வீங்கியிருந்தது.

"எப்படி மேடம் உடைஞ்சுது?" என்றாள் நர்ஸ்.

"படியில வழுக்கிடுச்சாம்," என்று டாக்டரே முந்திக்கொண்டார்.

உடைந்த துண்டைப் பசை வைத்துப் பொருத்தி, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தார். "இதுவும் அசையாது."

பஞ்சு எடுக்கப் போன நர்ஸ் திரும்பி வரும்போது, கதவுக்குப் பின்னால் டாக்டரின் தணிந்த குரல் கேட்டது.

"இனிமே உங்கம்மா வீட்டுக்குப் போறேன்னு பெட்டியைத் தூக்காத. நான் ஒட்டின ரெண்டும் தாங்கும். மிச்ச முப்பதும் வெறும் பல்லு."