ஒரே சாவி

“ஒரு ஈ காக்கா நுழைய முடியாது மேடம்!”

தையல் கம்பெனியின் பின்வாசலில் தொங்கிய பூட்டை, பரிசு வாங்கி வந்த பிள்ளையின் முதுகைப் போலத் தட்டிக்கொடுத்தார் பாதுகாப்பு மேலாளர்.

விசாரணைக்கு வந்திருந்த அதிகாரியம்மா பூட்டை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

மேலாளருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. வெளியாள் யாரோ உள்ளே புகுந்துவிட்டதாக டிவியில் காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தார்கள். அது உண்மையென்று ஆகிவிட்டால் அவர் வேலை காலி. மூன்று வருடத்துக்கு முன் கேட் திறந்து மூடிக்கொண்டிருந்த மனிதர். எவனோ எங்கோ குண்டு வைத்த புண்ணியத்தில் சுழல் நாற்காலி கிடைத்தது. அதை விட்டுவிட மனம் வருமா?

“எப்போலேர்ந்து பூட்டியிருக்கு?”

“ரயில்வே ஸ்டேஷன்ல குண்டு வெடிச்சுதே, அதுக்கு மறுநாள்லேர்ந்து. ஒரு நாள்கூடத் திறந்ததில்ல மேடம்.”

“யாரும் ஒண்ணும் சொல்லலையா?”

“மேல தைக்கிற பொம்பளைங்க மனு குடுத்தாங்க. உசிரு முக்கியமா, நாலு எட்டு சுத்திப் போறது கஷ்டமான்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். கப்சிப்!”

சிரித்தவரின் தோளில் மாடி ஜன்னலிலிருந்து தண்ணீர் சொட்டியது. சனியன் என்று முனகி, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு தள்ளி நின்றார்.

“சாவி?”

சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினார். “ஒண்ணே ஒண்ணு. தூங்கும்போதுகூடக் கழட்ட மாட்டேன்.”

“நேத்து மத்தியானம்?”

“நேத்து நான் லீவு. மச்சினன் வீட்டுக்குப் போயிருந்தேன். சாவியும் என்கூடத்தான் வந்துச்சு. யாரை நம்பிக் குடுக்க முடியும், சொல்லுங்க?”

என்ன முன்யோசனை! அவருக்கே தன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அதிகாரியம்மா ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். “அப்போ வெளியாள் யாரும் இந்த வழியா வரலை.”

“சத்தியமா வரலை. வரவும் முடியாது.”

நீட்டிய தாளில் வழக்கத்தைவிட இரண்டு சுழி அதிகமாகவே சுழித்துக் கையெழுத்துப் போட்டார்.

“இனிமே எவனும் என்னைக் கைநீட்டிப் பேச முடியாதில்ல மேடம்?”

அதிகாரியம்மா தாளை மடித்துப் பையில் வைத்தார். அதன் பிறகுதான் மேலாளரின் முகத்தை நேராகப் பார்த்தார்.

“நேத்துத் தீயில செத்த பதினோரு பொண்ணுங்களும் இந்தக் கதவுக்கு அந்தப் பக்கந்தான்யா கிடந்தாங்க.”