இழுத்தால் அவிழாத முடிச்சு

எங்கள் படையில் கவசக் கயிற்றை முதுகுப்பக்கம் இன்னொருவன்தான் கட்டிவிட வேண்டும். அடிபட்டு விழுந்தால் வைத்தியர் ஒரே இழுப்பில் கழற்ற வேண்டுமே, அதனால் உருவு முடிச்சு. அவிழாத முடிச்சு பிணத்துக்கு மட்டும்.

இன்று எனக்குக் கட்ட வந்தவன் ஈட்டிக்காரன். படைக்கொடியை யார் தூக்குவது என்று பத்து வருடமாக என்னோடு மல்லுக்கு நிற்பவன்.

அவன் கட்டியதும் தடவிப் பார்த்தேன். அவிழாத முடிச்சு!

"துரோகி! நான் ஒழிஞ்சா கொடி உனக்குன்னு பாக்கறியா?"

"கை தவறிடுச்சு."

"பத்து வருஷமா தவறாத கையா? மாத்திக் கட்டுடா!"

மாற்றிக் கட்டினான்.

"கொடியை நீயே தூக்கு. இனிமே போட்டிக்கு வரமாட்டேன்."

"பிச்சை போடறியா எனக்கு?"

அவன் வெளியே போய்விட்டான். கூடாரத் துணிக்கு அப்பால் படையின் சூனியக்காரி அவனிடம் சீறுவது கேட்டது.

"எப்பவும் போல அவன்கூட சண்டை போடுன்னுதானே சொன்னேன்? நீ இரக்கப்பட்டா, நேத்துப் போர்லயே அவன் செத்துட்டான்னு அவனுக்கே தெரிஞ்சிடும். தெரிஞ்சா விழுந்துடுவான். ரெண்டாவது தடவை என்னால எழுப்ப முடியாது!"

என் முழங்கால்கள் மடங்கத் தொடங்கின.

ஈட்டிக்காரன் ஓடி வந்தான். என் முகத்தைப் பார்த்தான். கண்ணில் நீர் வழிய, தொண்டை கிழியக் கத்தினான்.

"என்னடா முழிக்கற? கொடி எனக்குத்தான்! தைரியம் இருந்தா வந்து பிடுங்குடா!"

மடங்கிய முழங்கால்கள், பத்து வருடப் பழக்கத்தில், நிமிர்ந்தன.